திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு: மெட்ரோவா, எலெக்ட்ரிக் ட்ரெயினா, ஸ்கூட்டியா?

அக்கா மகளுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டும், மாலை ஆறரைக்கு விடுவார்கள், மாதக் கடைசியில் எட்டு எட்டரை ஆகலாம். வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு நாள்தான் தாங்கியது. மறுநாளே எதில் போவது என்று வீட்டில் பஞ்சாயத்து. "எலெக்ட்ரிக் ட்ரெயின் வாசல்ல ஓடுது, எதுக்குடி தண்டச் செலவு" என்கிறாள் அக்கா. அக்கா வீட்டுக்காரருக்கு பஸ்தான் கணக்கு, பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாதே என்று. அவள் தம்பிக்காரன் ஸ்கூட்டி எடுக்கலாம் என்று ஒரே பிடியாக நிற்கிறான், அந்த வண்டி ஞாயிற்றுக்கிழமை யாரிடம் இருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அவளே எனக்குப் போன் செய்தாள். "மாமா, எலெக்ட்ரிக் ட்ரெயின், மெட்ரோ ரெண்டுலயும் வருஷக்கணக்கா போனவர் நீங்கதான். நீங்க சொல்லுங்க, எதுல போனா நல்லாருக்கும்?"

இருபது வருஷத்துக்கு மேலாக மண்ணடியில் ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2021 வரைக்கும் திருவொற்றியூரில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து பீச் (கடற்கரை) ஸ்டேஷனில் இறங்கி நடந்து போவேன். அந்த வருஷம் பிப்ரவரி 14-ஆம் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 9 கிலோமீட்டர் நீண்டது, மண்ணடி ஸ்டேஷன் கடைக்குப் பக்கம் என்பதால் நானும் மாறிவிட்டேன். இதில் ஒரு வேடிக்கை, அன்றைக்கு அதே விழாவில்தான் கடற்கரை – அத்திப்பட்டு நான்காவது ரயில் பாதையும் திறக்கப்பட்டது. எங்கள் தெருவில் எல்லோரும் மெட்ரோவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், நான்காவது பாதையை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகிறவனுக்கு அதுவும் பெரிய விஷயம்தான், ஏன் என்று கீழே வரும்.

அக்கா வீடு இருக்கிற இடம் இந்த ஒப்பீட்டுக்கென்றே அமைந்த மாதிரி. மேற்கே நடந்தால் ரயில்வே ஸ்டேஷன், கிழக்கே நடந்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ, இரண்டுக்கும் ஏறத்தாழ எட்டு நிமிஷம். அந்தப் பக்கம் கிண்டியிலும் ரயில்வே ஸ்டேஷனும் மெட்ரோவும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஆக, இரண்டு முனையிலும் நடை ஒன்றுதான், நடுவில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் பஸ்ஸையும் ஸ்கூட்டியையும் முடித்துவிடுகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது சின்ன விஷயமே இல்லை, எங்கள் பக்கத்தில் அதை நம்பியே வேலைக்குப் போக ஆரம்பித்த பெண்கள் உண்டு. ஆனால் திருவொற்றியூரிலிருந்து கிண்டி என்பது இருபது கிலோமீட்டருக்கு மேல், பாரிமுனைப் பக்கம் ஒரு முறை மாற வேண்டும், காலை நேரத்தில் அண்ணா சாலை எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், சாயங்காலம் இன்னொரு இரண்டு மணி. காசு மிச்சம், ஆள் மிச்சமில்லை. மெட்ரோ ஓடாத ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கூட்டிக்குப் போகவர நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டர். லிட்டருக்கு நாற்பத்தைந்து கொடுத்தால்கூட தினம் ஒரு லிட்டர், நூறு ரூபாய். மாதம் 25 நாள் என்றால் 2,500, அதன் மேல் தவணை, சர்வீஸ், இன்சூரன்ஸ். அதெல்லாம் கிடக்கட்டும், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும், அதற்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்தில் ஸ்கூட்டியை விட வேண்டும். மழைக்காலத்தில் பள்ளம் எது ரோடு எது என்று தெரியாது. நானே ஒரு தடவை அப்படி ஒரு குட்டையில் முன் சக்கரத்தை இறக்கி, மூன்று வாரம் மணிக்கட்டில் கட்டோடு கணக்கு எழுதினேன், இடது கையால். தம்பிக்காரனிடம் இதைச் சொன்னால் "உங்களுக்கு ஓட்டத் தெரியல மாமா" என்பான். சரி, அவன் ஓட்டட்டும்.

மிச்சம் இரண்டு. வேலையில் சேர ஒரு வாரம் இருந்ததால், கடையில் அரை நாள் அரை நாளாகச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெயினிலும் செவ்வாய்க்கிழமை மெட்ரோவிலும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சில் அடித்துக்கொள்வதைவிடப் போய்ப் பார்ப்பது மேல்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். இந்தத் தடம், கும்மிடிப்பூண்டி தடம், மின்மயமானது 1979-ல். தாம்பரம் தடம் அதைவிட ரொம்பப் பழசு, கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே, குறுகலான மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. வண்டிகள் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், அதாவது ஐ.சி.எஃப்-இல் செய்தவை, நம் ஊர்ச் சரக்கு. பெட்டி அகலம் 3.66 மீட்டர். இது ஏதோ புள்ளிவிவரம் மாதிரித் தெரியலாம், ஆனால் உள்ளே நிற்கும்போது தெரியும், மெட்ரோ பெட்டி 2.9 மீட்டர்தான், முக்கால் மீட்டர் குறைவு. எலெக்ட்ரிக் ட்ரெயினில் இடமிருந்தால் காலை நீட்டி உட்காரலாம், மூட்டையைக் காலடியில் வைக்கலாம், ஜன்னல் கம்பியில் டிபன் பையை மாட்டலாம்.

மகளிர் பெட்டியில் அவளை ஏற்றிவிட்டு நான் அடுத்த பெட்டியில் ஏறினேன். இறங்கின பிறகு அவள் சொன்ன கதைதான் இது. கதவோரம் ஒரு பாட்டி மீன் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறார், ஐஸ் கரைந்து தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இவள் செருப்பைத் தேடி வருகிறது. "கண்ணு, தள்ளி நில்லு, துணில பட்டா ஆபீஸ்ல ஒன்னிய சேத்துக்க மாட்டாங்க" என்றாராம். பக்கத்தில் மூன்று பேர் பூக் கட்டிக்கொண்டே வருகிறார்கள், ஒருத்தருக்கு அடுத்த வாரம் அதே பெட்டியில் வளைகாப்பு என்று பேச்சு ஓடுகிறது. ஐந்தாறு வருஷமாக அதே வண்டி, அதே பெட்டி, அதே சீட்டு. "புதுசா வேலைக்குப் போறியா, நாளைக்கும் இதே வண்டிக்கு வா, எடம் போட்டு வெக்கிறோம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். மெட்ரோவில் இது நடக்கவே நடக்காது. அங்கே எல்லோர் காதிலும் ஒரு குமிழ் இருக்கும்.

ஆனால் தடம் என்று பார்த்தால் சிக்கல். திருவொற்றியூரில் வருகிற வண்டி ஒன்று சென்ட்ரலுக்குப் போகும், அதாவது மூர் மார்க்கெட் பக்கத்து நடைமேடைக்கு, இல்லையென்றால் பீச் ஸ்டேஷனுக்குப் போகும். நேராகத் தாம்பரம் பக்கம் தொடருகிற வண்டிகள் ஒரு சிலதான், அது நம் நேரத்துக்கு அமைந்தால் யோகம். எங்களுக்கு அமைந்தது சென்ட்ரல் வண்டி. கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் தாண்டி இறங்கி, சுரங்கப்பாதையில் கூட்டத்தோடு கூட்டமாக ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அங்கே தாம்பரம் வண்டி, எழும்பூரில் கூட்டம் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, அதைவிட அதிகமாக ஏறி, கிண்டியில் கால் வைக்கும்போது மணி ஒன்பது இருபது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் மேலே. ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டியவளுக்கு இது கயிற்றின் மேல் நடப்பது.

நான்காவது பாதையைச் சொன்னேன் இல்லையா. மெட்ரோவுக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கும் உள்ள அசல் வித்தியாசம் ஏ.சி. இல்லை, பாதைதான். வடக்குத் தடத்தில் உள்ளூர் வண்டி மட்டுமா ஓடுகிறது? விஜயவாடா, ஹவுரா, டெல்லி போகிற விரைவு ரயில்கள் எல்லாம் இந்த வழிதான், எண்ணூர் துறைமுகம், அனல் மின் நிலையம் என்று சரக்கு வண்டிகளும் இந்தப் பக்கம்தான். உள்ளூர் வண்டி அவற்றோடு பாதையையும் சிக்னலையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கூடுதல் பாதை வந்தால் அந்த நெருக்கடி இளகும், முழுசாகத் தீராது, பேசின் பிரிட்ஜ் பக்கம் எல்லாத் தடங்களும் ஒன்றாக வந்து கூடித்தானே ஆக வேண்டும். மெட்ரோ பாதையில் மெட்ரோவைத் தவிர வேறு எதுவும் வராது. அதனால்தான் அது சொன்ன நேரத்துக்கு வருகிறது, வண்டி உசத்தி என்பதால் மட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எட்டு ஐந்துக்குக் கிளம்பினோம். இருபது நிமிஷம் கூடுதல் தூக்கம், அதையே அவள் பெரிய வெற்றியாகச் சொன்னாள். திருவொற்றியூர் மெட்ரோ மேம்பால ஸ்டேஷன், எஸ்கலேட்டர் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. மேலே நின்றால் கிழக்கே வீட்டு மாடிகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். வண்டி வந்தது. தரையும் நடைமேடையும் ஒரே மட்டம், மூட்டு வலிக்காரர்கள் இதைக் கவனிப்பார்கள், எலெக்ட்ரிக் ட்ரெயினில் காலைத் தூக்கி ஏற வேண்டும். நான்கு பெட்டி வண்டி, நெரிசலாக நின்றால் 1,276 பேர் என்று கணக்கு. தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட், புதிய வண்ணாரப்பேட்டை வரை மேலேயே ஓடுகிறது. (காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை, காலெட் என்று 1717-ல் வந்த கம்பெனி கவர்னர் பெயரில் நெசவாளர்களுக்காக உண்டான பேட்டை அது, வாயில் புழங்கிப் புழங்கி இப்படி ஆகிவிட்டது. விம்கோ நகரும் அப்படித்தான், தீப்பெட்டிக் கம்பெனி பெயர்.) அப்புறம் தண்டையார்பேட்டைக்கு முன்னால் மெல்லச் சரிந்து சுரங்கத்துக்குள் இறங்கும். அந்த இடத்தில் ஒன்று நடக்கும் பாருங்கள், இதுவரை கடலையும் துணி காய்கிற மாடிகளையும் காட்டிய ஜன்னல் சட்டென்று கறுத்துக் கண்ணாடி ஆகிவிடும், உடனே நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் தலையைச் சரி செய்வார்கள். இவளும் செய்தாள்.

திருவொற்றியூரை விட்டுவிட்டு எண்ணினால் பத்தொன்பதாவது ஸ்டேஷன் கிண்டி. இறங்கும்போது மணி ஒன்பது இரண்டு. வீட்டிலிருந்து ஐம்பத்தேழு நிமிஷம், எங்கேயும் மாறவில்லை, எங்கேயும் ஓடவில்லை.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எனக்கு அதில் ஒரு கிறுக்கு உண்டு. ஆல்ஸ்டாம் என்ற பிரெஞ்சு நிறுவனம் மெட்ரோபோலிஸ் என்ற பெயரில் நகர மெட்ரோக்களுக்காகவே ஒரு வண்டி வம்சத்தை வைத்திருக்கிறது. வம்சம் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரே மாடல் இல்லை. ஊருக்கு ஏற்ற மாதிரி அகலம், பெட்டி எண்ணிக்கை, மின்சாரம் எடுக்கும் விதம் எல்லாம் மாறும். சிங்கப்பூரின் வடகிழக்குத் தடத்தில் 2003 முதல் ஓட்டுநரே இல்லாமல் ஓடுவது இந்த வம்சம்தான். கொச்சியில் ஓடுவதும் இதுதான், அங்கே மூன்று பெட்டி, மின்சாரம் பக்கத்திலிருக்கும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட். லக்னோவில் நான்கு பெட்டி. மும்பையின் மூன்றாவது தடத்தில் எட்டுப் பெட்டி. நம் சென்னையில் தலைக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட், அந்த விஷயத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயினும் இதுவும் ஒன்றுதான். தண்டவாளம் வேறு. ரயில்வேயினுடையது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை, மெட்ரோ 1,435. அதனால் இது அதில் ஓடாது, அது இதில் ஓடாது.

சென்னைக்கு முதலில் 42 வண்டி சொல்லி, அப்புறம் 10 சேர்த்து, ஆக 52. முதல் ஒன்பது பிரேசிலில் செய்தது, கப்பலில் வந்தது. மிச்சமெல்லாம் ஸ்ரீசிட்டி. ஸ்ரீசிட்டி எங்கே இருக்கிறது? தடாவுக்குப் பக்கத்தில். தடா எங்கே இருக்கிறது? நம் கும்மிடிப்பூண்டி தடத்தில், சூலூர்பேட்டை போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினால் வழியில் வருகிற ஸ்டேஷன். அதாவது ஏ.சி., கண்ணாடிக் கதவு என்று இறக்குமதி மாதிரித் தெரிகிற இந்த வண்டி எங்களுக்கு வடக்கத்திச் சொந்தம். சிட்னியில் 2019-ல் ஓட ஆரம்பித்த ஆளில்லா மெட்ரோவின் ஆறு பெட்டி வண்டிகளும் அதே பட்டறையில் செய்து கப்பல் ஏற்றியவைதான். இதை அக்காவிடம் சொன்னேன். "அதுக்கு டிக்கெட்ல கொறைப்பாங்களா" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான், காசுக்கு வருவோம். எலெக்ட்ரிக் ட்ரெயினில் குறைந்த டிக்கெட் ஐந்து ரூபாய், சீசன் எடுத்தால் மாதம் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இந்தியாவில் இவ்வளவு தூரத்தை இவ்வளவு மலிவாக வேறு எதிலும் போக முடியாது என்று நினைக்கிறேன். மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் கட்டணம் குறைத்த பிறகு ஆகக் குறைவு 10, ஆக அதிகம் 50. அந்த உச்சக் கட்டணத்தையே வைத்துக்கொள்வோம், கார்டிலோ க்யூஆர் டிக்கெட்டிலோ போனால் 20 சதவீதம் தள்ளுபடி, 40 ஆகிறது. போகவர 80, 25 நாளைக்கு 2,000. ஞாயிறும் அரசு விடுமுறையும் பாதிக் கட்டணம், ஆனால் அந்த நாளில் யார் கிண்டிக்குப் போகப் போகிறார்கள். ஆக, மெட்ரோவுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் வரை, எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு அதில் ஒரு சிறு பங்கு. பதிலுக்குக் கிடைப்பது ஒரு தடவைக்கு முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல். அவள் சம்பளத்தை அவள் வேலை செய்யும் நேரத்தால் வகுத்துப் பார்த்தேன் (கணக்கு எழுதுகிறவன் புத்தி), மெட்ரோ கட்டுப்படியாகிறது. சம்பளம் இதில் பாதியாக இருந்தால் ஆகாது, எலெக்ட்ரிக் ட்ரெயின் என்றே சொல்லியிருப்பேன்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது திரும்பி வருகிற நேரம். காலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். இரவு எட்டரைக்குக் கிண்டியிலிருந்து கிளம்புகிறவளுக்கு பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, அடுத்த கும்மிடிப்பூண்டி வண்டி எப்போது என்று பலகையைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு வண்டி கண்ணெதிரே போய்விட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பு அரை மணியும் ஆகலாம். மகளிர் பெட்டியிலும் காலையில் இருந்த பூக்கட்டும் கூட்டம் இரவில் இருக்காது. மெட்ரோ இரவு பதினொரு மணி வரை உண்டு, பெட்டிக்குப் பெட்டி கேமரா, ஆபத்தென்றால் ஓட்டுநரோடு பேச ஒரு பொத்தான், சுரங்க ஸ்டேஷன்களில் வண்டி வந்து நின்ற பிறகே திறக்கிற கண்ணாடித் தடுப்பு. ஸ்டேஷன் முழுக்க வெளிச்சம். முன்பு இரட்டைக் கட்டணத்துக்கு ஸ்பெஷல் வகுப்பு என்று ஒன்று வைத்திருந்தார்களே, அந்த இடம்தான் இப்போது பெண்களுக்கு.

வண்டி அடிக்கடி வருகிறது, ஆனால் சின்னது என்பதை எங்கள் அக்கா ஒரு குறையாகச் சொன்னாள், "நாலே பொட்டி, எங்கேயிருந்து எடம் கெடைக்கும்" என்று. உட்கார இடம் கிடைக்காதுதான். திருவொற்றியூரில் ஏறுகிறவளுக்குக் காலையில் கிடைக்கலாம், கிண்டியில் சாயங்காலம் ஏறும்போது நின்றுகொண்டுதான் வர வேண்டும், குறைந்தது சென்ட்ரல் வரை. 2024-இல் மட்டும் மெட்ரோவில் 10 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள், நடைமேடையை ஆறு பெட்டிக்குக் கட்டி வைத்துவிட்டு நாலு பெட்டி ஓட்டுகிறார்கள், இடிபடாமல் என்ன செய்யும். ஆனால் இதைத் தண்ணீர் விஷயத்தோடு வைத்துப் பாருங்கள். எப்போது வரும் என்று தெரியாத தண்ணி லாரிக்குக் குடங்களை வரிசை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது ஒன்று, வாசல் அடிபம்பில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொள்வது ஒன்று. லாரியில் தண்ணீர் அதிகம்தான். வடசென்னைக்காரியிடம் எது வேண்டும் என்று கேட்டால் பம்பைத்தான் சொல்வாள். இதைச் சொன்னதும் அக்கா வாயை மூடிக்கொண்டாள். பம்பில் சண்டை போட்டவள் அவள்.

மெட்ரோவில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் பக்கத்து ஆட்கள் கவனமாக இருக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி, ஆனால் அதில் ஒன்றுவிட்டு ஒன்று வண்ணாரப்பேட்டையிலேயே திரும்பிவிடும். விம்கோ நகர் வரை வருவது ஆறு நிமிஷத்துக்கு ஒன்று. கிண்டியில் வருகிற வண்டியின் நெற்றியில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறு, கூட்டத்தைப் பார்த்து ஏறாதே என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். "சரி மாமா, சரி மாமா" என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே.

நான் சொல்வது இவள் வீட்டுக்கும் இவள் வேலைக்கும்தான். கொஞ்சம் தள்ளினாலும் கணக்கு மாறிவிடும். வீடு தண்டவாளத்துக்கு மேற்கே, சாத்தாங்காடு, மணலிப் பக்கம் என்றால் நெடுஞ்சாலைக்கு வரவே ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும், அந்தக் காசையும் நேரத்தையும் சேர்த்தால் மெட்ரோவின் லாபத்தில் பாதி போய்விடும். வேலை அம்பத்தூர், ஆவடிப் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், எலெக்ட்ரிக் ட்ரெயின்தான், பேசின் பிரிட்ஜிலேயே மாறிக்கொள்ளலாம், மெட்ரோ அந்தப் பக்கம் போவதே இல்லை. வேலை சென்ட்ரல் பக்கமே என்றாலும் ஐந்து ரூபாய் வண்டிதான். மீஞ்சூர், பொன்னேரிக்காரர்கள் பலர் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள், விம்கோ நகர் வரை ரயில், அங்கிருந்து மெட்ரோ. மீன் கூடை, காய்கறி மூட்டை என்று சுமையோடு போகிறவர்களுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் தனிப் பெட்டியே உண்டு, மெட்ரோவில் அந்தப் பேச்சே இல்லை. காசிமேட்டு ஆயாக்களை ஏற்றாத வண்டி எப்படி முழுசாக எங்கள் வண்டி ஆகும் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு, இருக்கட்டும்.

காத்திருந்து பார்க்கலாமே, ஏ.சி. எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்திருக்கிறதாமே என்றார் அக்கா வீட்டுக்காரர். வந்திருக்கிறது, 2025 ஏப்ரலில், ஐ.சி.எஃப்-இல் செய்த 12 பெட்டி வண்டி, ஆனால் அது ஓட ஆரம்பித்தது கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுத் தடத்தில், குறைந்த கட்டணமே 35 ரூபாய். பீச் ஸ்டேஷன் வரை போய் அதைப் பிடிப்பதற்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மூன்று பெட்டி ஆளில்லா வண்டிகள் வருகின்றன, பூந்தமல்லித் தடத்துக்கு அதே ஆல்ஸ்டாம் வம்சம், மாதவரத்துத் தடங்களுக்கு பெங்களூரு பி.இ.எம்.எல். நிறுவனத்திடம் 70 வண்டி சொல்லியிருக்கிறார்கள். மாதவரம், பெரம்பூர்க்காரர்கள் அதற்காகக் காத்திருக்கலாம். திருவொற்றியூர்க்காரிக்கு அதனால் ஒன்றும் மாறப்போவதில்லை, அவளுக்கு வேண்டிய வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக மெட்ரோ என்று முடிவாயிற்று. சிங்காரச் சென்னை கார்டு ஒன்று வாங்கி, முதல் மாதத்துக்கு நானே ஆயிரம் ரூபாய் போட்டுக் கொடுத்தேன். அக்கா முகம் அரை மனசாகத்தான் இருந்தது. ஸ்கூட்டிக்கு முன்பணம் என்று எடுத்து வைத்திருந்ததைத் தம்பிக்காரன் இன்னும் மறக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் ஏழே காலுக்கு அவளிடமிருந்து போன். பின்னால் அறிவிப்புச் சத்தம், ஆட்கள் இறங்குகிற சத்தம்.

"மாமா, எல்லாரும் எறங்குறாங்க. வண்டி இதுக்கு மேல போகாதாம்."

"எந்த ஸ்டேஷன்மா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"வண்ணாரப்பேட்டை."

"சரி, அங்கேயே நில்லு. அடுத்தது விம்கோ நகர்தான். நெத்தியப் பாத்துட்டு ஏறு."